பதினேழு நிமிடத்தை எழுதியவள்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வில் பூஜ்யம் போட்ட கணக்கு வாத்தியாரை எழுத்துத் தேர்வில் மூன்று முறை தொடர்ந்து நூற்றுக்கு நூறு போட வைத்தாள். மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து நான் தூக்கி வந்த மூன்று செத்த கம்ப்யூட்டர்களைப் பிரித்து உயிருள்ள ஒன்றைச் செய்தாள். பெண்களுக்குக் கழிப்பறையே இல்லாத ஒரு கட்டடத்தில் நான்கு வருடம் படித்துத் துறையில் முதலாவதாக வந்தாள். பதினொரு நேர்முகத் தேர்வுகளில் தோற்று, பன்னிரண்டாவதில் வேலை வாங்கினாள். நாற்பத்து மூன்று குளிர்பதன அறைகளில் மருந்து கெடாமல் காவல் காக்கும் ஒரு மென்பொருளின் பெரும்பகுதியைத் தனியாக எழுதினாள். கடைசியாக ஓர் ஆளை ஜெயித்தாள். எனக்கு மற்ற ஐந்தையும்விட அதுதான் பிடித்தது. அந்த ஆள் இதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

நான் பத்தாவதோடு நின்றவன். லிஃப்ட் பழுது பார்க்கிறேன். மென்பொருள் பற்றி இங்கே நான் எழுதுவது எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். இரண்டு இடத்தில் நேரத்தைத் திருத்தினாள். வேறு எதையும் தொடவில்லை.

அவளுக்குத் திக்கும். வீட்டில் அவ்வளவாகத் தெரியாது. சண்டை போடும்போது சுத்தமாகவே தெரியாது. ஆனால் வெளியாள் முன்னால் சில எழுத்துகள் அவள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதிலும் ஒரு கொடுமை, அவள் பெயரின் முதல் எழுத்தே அப்படிப்பட்டது. மற்ற வார்த்தை மாட்டினால் வேறு வார்த்தை தேடிக்கொள்ளலாம். பெயருக்கு வேறு பெயர் எங்கே போய்த் தேடுவது? நேர்முகத் தேர்வில் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வியே பெயர்தான்.

"கையில என் விண்ணப்பத்தை வச்சிருக்காங்கண்ணா. கொட்டை எழுத்துல பேர் இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே உங்க பேர் என்னன்னு கேக்கறாங்க. அதுக்குள்ள என் மார்க்கெல்லாம் அவங்களுக்கு மறந்துபோயிடுது."

பதினொரு இடத்தில் இதுதான் நடந்தது. பன்னிரண்டாவது இடத்தில் தேர்வு எழுத்தில் இருந்தது. மூன்று மணி நேரத் தேர்வை ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்தாள். விடைத்தாளைப் பார்த்த அணித்தலைவன் அன்றே வேலை கொடுத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். அவன் கொடுத்தான், அதுவும் ஒரு வாக்கியத்தோடு சேர்த்துக் கொடுத்தான்.

"நீ எழுதும்மா. பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். என் மனைவி மட்டும், "எழுதறது இவ, பேசறது அவனா? சம்பளம் யாரு வாங்கறது?" என்று கேட்டாள். தங்கை சிரித்து, அவனுக்கு அன்றைக்கே ஒரு பெயர் வைத்தாள். மைக்செட்டு. இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் தாங்கள் எழுதியதைப் பொதுவான ஒரு மூலப்பிரதியில் ஏற்றுகிறார்கள். ஏற்றியவரின் பெயர், தேதி, மணி, நிமிடம் எல்லாம் ஒவ்வொரு வரியோடும் ஒட்டிக்கொள்ளும். எந்த வரியின் மேல் கைவைத்துக் கேட்டாலும் இதை யார் எழுதினார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். எங்கள் தொழிலிலும் லிஃப்ட்டின் இயந்திர அறையில் ஓர் அட்டை தொங்கும். பார்த்தவன் கையெழுத்துப் போடாமல் இறங்கக் கூடாது. அதனால் இது எனக்குச் சட்டென்று புரிந்தது.

மைக்செட்டு ஒரு வழக்கம் வைத்திருந்தான். புதிதாக வந்தவர்கள் நேரடியாக ஏற்றக் கூடாது. எழுதியதை அவனிடம் தர வேண்டும், அவன் சரிபார்த்து, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, தன் கணக்கிலிருந்து ஏற்றுவான். ஆறு மாதத்துக்குத்தான் என்றான். மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் அனுமதி வந்தது. இவளுக்கு ஐந்து வருடமாக வரவில்லை. கேட்டால், "உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி? ஏத்தினா கூட்டத்துல விளக்கம் சொல்லணும். உன்னால முடியுமா?" என்பான்.

முதல் வருடக் கடைசியில் அவள் என்னிடம் வந்து, "வேலையை விட்டுடவா?" என்றாள். நான், "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். பதினொரு தோல்வி என் கண்ணில் இருந்தது. அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. நான்கு வருடம் அவளைப் பொறுக்க வைத்தது மைக்செட்டு மட்டும் இல்லை.

அவளுடைய தொழிலைப் பற்றி அவளுக்குச் சில பிடிவாதமான கருத்துகள் உண்டு. வேலையில் பேரார்வம் இருக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "அதைச் சொல்றவன் எல்லாம் நாலு மணிக்கே பையைத் தூக்கிட்டுக் கெளம்பிடறவன்" என்பாள். நன்றாக எழுதிய நிரலைப் படித்தால் எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பாள். பேச்சு மாட்டிக்கொள்கிற ஒருத்தி இதைச் சொல்கிறாள் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். வேறொருவர் எழுதியதைப் புரியாமல் அள்ளி ஒட்டுகிறவர்களை மன்னிக்கவே மாட்டாள். ஓர் எண்ணை எழுதினால் அதற்கு மேலே அதன் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது அவளுக்குச் சட்டம்.

நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தில் அவள் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. கண்ணாடிச் சுவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வரவேற்பறையிலும் அதே படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "கீழ பேரே போடலியேடி?" என்றாள்.

"அவங்களுக்கு என் மூஞ்சிதான்மா வேணும். பேர் வேணாம்."

தலைப்பில் சொன்ன பதினேழின் கதை இதுதான். குளிர்பதன அறையின் கதவு திறந்தே கிடந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். எத்தனை நிமிடம் கழித்து? பழைய மென்பொருளில் ஐந்து. தங்கை மேசையில் உட்கார்ந்து எண்ணைத் தீர்மானிக்க மாட்டேன் என்றாள். விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று நாள் ஒரு கிடங்குக்குப் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். காலை ஆறரைக்கு லாரி வந்து நிற்கும், சரக்கு ஏற்றி முடிக்கும்வரை கதவு திறந்திருக்கும். இரவல் வாங்கிய தடித்த ஜாக்கெட்டில் அவள் அட்டைப்பெட்டிகளுக்குள் வெப்பமானியைச் செருகிக்கொண்டு நின்றாள். நான் வாசலில் கடிகாரத்தோடு நின்றேன். முதல் நாள் ஒன்பது நிமிடம். இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் ஒரு பெட்டி கவிழ்ந்து பதினான்கு. கதவை மூடாமலே விட்டுப் பார்த்ததில் வாசலோரப் பெட்டியின் உள்சூடு எல்லையைத் தாண்ட இருபத்தாறு நிமிடம் ஆனது.

சுவரில் இருந்த எச்சரிக்கை மணியை நிமிர்ந்து பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள். மணிக் கிண்ணத்துக்குள் ஒரு பழைய கையுறையைத் திணித்து வைத்திருந்தார்கள். கிடங்குக்காரரிடம் கேட்டோம்.

"தினமும் சரக்கு ஏத்தும்போது கத்துதும்மா. காது போயிடுது. அதான் வாயை அடைச்சிட்டோம்."

அன்று வீட்டுக்கு வரும் வழியில் பதினேழு என்று முடிவு செய்தாள். சரக்கு ஏற்றுவதற்குப் போதும். அதற்கு மேல் திறந்திருந்தால் ஆள் வந்து மூட இன்னும் ஒன்பது நிமிடம் கையில் இருக்கும். நிரலில் அந்த எண்ணுக்கு மேலே அவள் எழுதிய குறிப்பு இது: "ஏற்ற அதிகபட்சம் 14. பெட்டி கெடத் தொடங்குவது 26. நானும் அண்ணனும் மூன்று காலை நின்று அளந்தோம். குறைக்க வேண்டாம். குறைத்தால் மணிக்குள் கையுறை வைப்பார்கள்."

மைக்செட்டு அதைப் படித்துவிட்டு, "இதென்னம்மா, டைரியா?" என்றான். குறிப்பை அழித்துவிட்டு எண்ணை மட்டும் ஏற்றினான். அந்தக் குறிப்பை மட்டும் இல்லை. அவள் எழுதிய காரணக் குறிப்புகள் அத்தனையையும் அவன் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தான். ஏற்றுவது அவன் பெயரில். அதில் "நானும் அண்ணனும்" என்று இருந்தால் எப்படி? அவனுக்கு அண்ணன் கிடையாது.

என் மனைவி சொன்னாள்: "அந்தாளுக்கு வாய் மட்டும்தான் சொந்தம். மத்ததெல்லாம் வாடகை."

இதற்கு அடுத்த வருடம் நிறுவனத்தில் குடும்ப விழா வைத்தார்கள். நானும் போயிருந்தேன். மைக்செட்டு மேடையேறி, இந்த மென்பொருளைத் தான் எப்படி உருவாக்கினேன் என்று இருபது நிமிடம் பேசினான். பிறகு அணியை மேடைக்கு அழைத்தான். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்ல வேண்டும். இவள் முறை வந்ததும் ஒலிவாங்கியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இவங்களைச் சொல்லச் சொன்னா சாப்பாடு ஆறிடும்" என்றான். பிறகு அவள் பெயரின் முதல் எழுத்தை எடுத்து ஆறு தடவை திக்கிக் காட்டினான். சுமார் இருநூறு பேர் சிரித்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன், எண்ண முடிந்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் சைக்கிள் டயரில் ஆணி செருகியதற்கு முந்தின நாள் அப்படித்தான் சிரித்தாள்.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"வேணாம்ணா. பேச்சுல அவனை ஜெயிக்க முடியாது."

"அப்ப சும்மா விடப்போறியா?"

"எனக்கு அவ்வளவு பெருந்தன்மை எல்லாம் கிடையாது."

எட்டு மாதம் கழித்து வாய்ப்பு வந்தது. வெளியிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் இந்த மென்பொருளை வாங்க வந்தது. வாங்குமுன் நிரலை வரிவரியாகப் படிக்க ஓர் அம்மாளை அனுப்பினார்கள். நரைத்த தலை, முப்பது வருட அனுபவம். எழுதியவர் யாரோ அவரிடம் விளக்கம் கேட்பார், அவரையே இனி இந்த மென்பொருளின் தலைமைப் பொறியாளராக வைத்துக்கொள்வோம் என்பது ஒப்பந்தம். மூலப்பிரதியில் நூற்றுக்கு எண்பது வரிகளில் மைக்செட்டின் பெயர். இதில் அவன் தேறிவிட்டால் அந்த எண்பதும் நிரந்தரமாக அவனுடையது. என் தங்கையின் ஐந்து வருடம் அதோடு போய்விடும்.

அவனுக்கும் பயம் இருந்தது. அதனால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். அந்த அம்மாள் கேட்கக் கேட்க, இவள் தன் கம்ப்யூட்டரில் பதிலை அடிக்க வேண்டும். அது அவன் திரையில் ஓர் ஓரத்தில் தெரியும். அவன் அதைப் பார்த்துப் பேசுவான்.

"ஒத்துக்கிட்டியா?" என்றேன்.

"உடனே ஒத்துக்கிட்டேன்."

செவ்வாய்க்கிழமை நான்காவது மாடிக் கண்ணாடி அறையில் விசாரணை நடந்தது. முதல் பத்து கேள்விகளுக்கு இவள் ஒழுங்காக அடித்துக் கொடுத்தாள். அவன் மணிமணியாகப் பேசினான். காலை ஆட்ட ஆரம்பித்துவிட்டான், அவன் தைரியமாக இருக்கிறான் என்பதற்கு அதுதான் அடையாளம் என்றாள். பதினோராவது கேள்வி: "இங்க ஏன் பதினேழு நிமிஷம்?"

இவள் விரல்களை விசைகளின் மேலேயே வைத்துக்கொண்டாள். எதையும் அடிக்கவில்லை.

"அது வந்து, இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு மேடம்."

"எந்த ஸ்டாண்டர்டு?"

அவன் திரையின் ஓரத்தைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. இவள் பக்கம் திரும்பினான். இவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒன்றரை நிமிஷம் யாருமே பேசலண்ணா. எல்லாரும் அவன் வாயையே பாக்கறாங்க. எனக்கு அது பழக்கம்தான். அவனுக்குப் புதுசு, பாவம்." அந்தப் பாவம் என்ற சொல்லை அவள் அனுபவித்துச் சொன்னாள்.

கடைசியில் அவன் வாயைத் திறந்தான். "அது பழைய எண் மேடம். நானே அஞ்சா குறைக்கணும்னு நெனச்சிருந்தேன். இன்னிக்கே மாத்திடறேன்."

"மாத்தச் சொல்லலை. ஏன்னு கேட்டேன்" என்றார் அந்த அம்மாள். எதையோ குறித்துக்கொண்டார்.

மாலை ஆறு ஐம்பதுக்கு மைக்செட்டு பதினேழை ஐந்தாக மாற்றி ஏற்றினான். படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய அவன் நண்பன் படிக்காமலே ஒப்புதல் தந்தான். ஏற்றிய செய்தி தங்கையின் போனுக்கும் வந்தது. எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு அதை எனக்குக் காட்டினாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த வரிக்கு மேலயே எழுதி வச்சிருந்தேன். அவன்தான் அழிச்சான்."

"மருந்து கெட்டுப்போச்சுன்னா?"

"ஒரு நாள் சும்மா மணி அடிக்கிறதால எதுவும் கெடாதுண்ணா. ரெண்டாவது நாள்தான் கையுறை வரும். அவனுக்கு ஒரே ஒரு காலை நேரம் மட்டும் குடுக்கறேன்."

யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். என் தங்கையைக் குறை சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கட்டும்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு லாரிகள் வந்து நின்றன. ஆறு முப்பத்தைந்துக்கு முதல் மணி. ஏழே காலுக்குள் சரக்கு ஏற்றிய கிடங்குகள் எல்லாவற்றிலும் மணி. அவற்றில் ஐந்து அந்த அம்மாளின் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. நிறுவனத்தின் போன்கள் ஓயவில்லை. மைக்செட்டு ஓடிவந்தபோது சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தானாம். இதை அவள் மூன்று தடவை சொன்னாள், நானும் மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு அதே கண்ணாடி அறை. அந்த அம்மாள் அந்த வரியின் மேல் கைவைத்து யார் எழுதியது என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். மைக்செட்டின் பெயர், நேற்று, ஆறு ஐம்பது. அதற்கு மேலும் கீழும் கேட்டார். அங்கேயும் அவன் பெயர்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார். "சுத்தி இருக்கறது எல்லாம் ஒரே கை. ஒரு எண்ணைக்கூடச் சும்மா போடலை. இந்த அஞ்சு மட்டும் வேற கை. மத்ததை எழுதினவங்க இதைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. ஐயா, இதுல உங்களோடது எது?"

ஐந்து வருடமாக அவன் பெயரில் குவிந்திருந்த அந்த மென்பொருளில் அவன் தானே யோசித்து எழுதிய வரி அந்த ஒன்றுதான். அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அவன் என்ன ஆனான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. இரண்டு மாதத்தில் அவனை வெளியே அனுப்பினார்கள். இப்போது வேறோர் இடத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான், அங்கே பேசினால் போதும். போவதற்கு முன்னால் எனக்கு ஒருமுறை போன் செய்தான். "தம்பி, தங்கச்சிகிட்ட சொல்லி ஒரு நல்ல கடிதம் வாங்கிக் குடுங்க. அவங்களுக்கு முதல்ல வேலை குடுத்தது நான்தான்" என்றான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை நிமிடம் பேசாமல் இருந்தேன். அவனே வைத்துவிட்டான்.

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன். அடுத்தடுத்து லாரி வந்த கிடங்குகளில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மைக்செட்டு குனிந்து அவள் காதருகில், "சீக்கிரம் பழையபடி எழுதிக் குடும்மா, நான் ஏத்திடறேன்" என்றான்.

"வேண்டாம்" என்றாள். அந்த வார்த்தையில் அவளுக்கு மாட்டுகிற எழுத்து எதுவும் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

அவள் தன் கணக்கில் நுழைந்தாள். ஏற்றுவதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை, அணித்தலைவரைக் கேளுங்கள் என்று திரை சொன்னது. அவள் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி, அனுமதிக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். நரைத்தலை அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் தராத அனுமதியை அவன் தன் கையாலேயே கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுக்க ஒரே ஒரு சொடுக்குத்தான் தேவைப்பட்டது. இரண்டாவது முயற்சியில்தான் அவன் விரல் சரியான இடத்தில் விழுந்தது.

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எண்ணைத் திருத்தினாள். அவசரப்படவில்லை. மேலே காரணத்தை முழுசாக எழுதினாள். எழுதியவர் என்ற இடத்தில் அப்பாவின் இனிஷியலோடு தன் பெயரைத் தானே அடித்தாள். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு ஏற்றினாள். நாள்: 2019 நவம்பர் 6, புதன்கிழமை, காலை ஒன்பது நாற்பத்திரண்டு.